கழிக்காத மீன்கள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். படுத்தபடியே, மீன் தொட்டிகளுக்குக் காற்று அடிக்கும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்கிறேன். ஒரே சீராக ஓடினால் இரவில் எதுவும் நிற்கவில்லை என்று அர்த்தம். முகம் கழுவுவது அதற்கப்புறம்.

சமையல் மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில், அடி வெட்டிய இரண்டு தண்ணீர் பாட்டில்கள் தலைகீழாக நிற்கின்றன. உள்ளே உப்புத் தண்ணீர், ஒரு காற்றுக் குழாய், முந்தின நாள் போட்ட ஆர்ட்டீமியா முட்டைகள். மீன் குஞ்சுகளுக்கு இதுதான் முதல் தீனி. காற்றை நிறுத்திவிட்டு பாட்டிலின் கழுத்தருகே கைவிளக்கை வைத்தால், பொரிந்த பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி ஆரஞ்சுப் புகை மாதிரி அடியில் வந்து சேரும். ஓடுகள் மேலே மிதக்கும். பத்து நிமிடம் ஆகும். அதற்குள் டீ போட்டுக்கொள்கிறேன். பூச்சிகளைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, தொட்டிக்கு ஐந்து சொட்டு விடுகிறேன். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாக மாறினால் சாப்பிட்டாயிற்று.

பிறகு கழிவு. மெல்லிய குழாயால் ஒவ்வொரு தொட்டியின் அடியையும் உறிஞ்சி எடுத்து, இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். பதினோரு கண்ணாடித் தொட்டிகள், ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒரு குழந்தை குளிக்கும் தொட்டி. மூன்று டப்பாக்கள் குளியலறையில் இருக்கின்றன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மூலையில் நின்று குளிக்கிறேன். சோப்பு தெறிக்கக் கூடாது. எட்டரைக்கு ஆபீஸ்.

போன மாதம் வரை காலை இப்படித்தான் இருந்தது. மீன்கள் என் மனைவியுடையவை. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவை கப்பி மீன்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் சின்ன மீன்தான், ஆனால் அவளுடையது கடையில் கிடைக்காது. உடம்பு வெண்கல நிறம். வால் விசிறி மாதிரி விரிந்து முழுக்க ஒரே கரும்பச்சை. அதில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. மூன்று வருடம் உட்கார்ந்து, ஒன்பது தலைமுறை தேர்ந்தெடுத்து, அந்தப் பச்சைக்குக் கொண்டுவந்தாள்.

தேர்ந்தெடுப்பது என்றால் கழிப்பது. இதை நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை. ஒரு பெண் மீன் மாதம் முப்பது, நாற்பது குட்டி போடும். ஆணும் பெண்ணும் அடையாளம் தெரிந்தவுடன் தனித்தனியாகப் பிரித்துவிடுவாள். ஆண்களுக்கு நிறம் ஏறியதும், ஒரு சனிக்கிழமை மத்தியானம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டையான கண்ணாடி ஜாடியில் விட்டு, பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துப் பார்ப்பாள்.

"மூணு மூச்சு" என்பாள். "அதுக்கு மேல பாத்தா எல்லாமே அழகாத் தெரிய ஆரம்பிச்சிடும்."

எண்பதில் எட்டு தேறும். மீதி வாளிக்குப் போகும். செடி வளர்த்து விற்கும் நர்சரிக்காரர் ஒருவர் வந்து வாளியை எடுத்துப் போவார். அவருடைய அல்லித் தொட்டிகளில் கொசுப்புழு தின்ன எந்த வால் இருந்தாலும் சரிதான். முதுகு வளைந்து பிறந்தவற்றை மட்டும் கொடுக்க மாட்டாள். அவற்றை அவளே முடித்துவிடுவாள். எப்படி என்று நான் கேட்டதில்லை.

அவள் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். "ஆபீஸ்ல என்னால ஒருத்தனையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. முதலாளி மச்சான் வந்தா எடுத்துத்தான் ஆகணும். இங்க நான்தான் முதலாளி. மச்சானெல்லாம் வாளியில."

அத்தைக்கு, அதாவது அவள் அம்மாவுக்கு, இந்த மீன்களைக் கண்டாலே ஆகாது. "எத்தனை வருஷத்துக்கு மீனுக்கே பேறுகாலம் பாக்கப் போற? உனக்கு எப்போ?" என்பார்.

"அது தானாப் பெத்துக்குதும்மா. என்னையா கேக்குது?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

ஒரு வெள்ளிக்கிழமை காலை தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது.

அத்தை வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். செய்தி கேட்டுக் கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னா? கடைசியா என்ன சொன்னா? ஏதாவது சொல்லியிருப்பாளே!"

அவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நான் சொன்னேன், "மீனப் பாத்துக்கச் சொன்னா அத்தை. ஒண்ணக்கூட விட்டுடாதன்னு சொன்னா."

அவள் அப்படிச் சொல்லவில்லை. மீனைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் மீன் என்று வாயில் வந்தது என்று தெரியாது. பொய் சொல்கிற அவசரத்தில் கை பக்கத்தில் கிடப்பதை எடுக்கிறது. என் விரலில் காலையில் போட்ட மீன் தீனியின் வாடை இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. "சாகும்போதும் வாயில்லா ஜீவனை நெனச்சாளே மகராசி" என்று ஒரு பெரியப்பா அழுதார். அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னுடையதாக இல்லை.

அடுத்த ஞாயிறு அத்தை வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். என்னைப் பார்க்க வரவில்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்ப்பார்.

"போன வாரம் இந்த டப்பாவுல வாலு வெளுத்தாப்ல ஒண்ணு திரிஞ்சுதே, எங்க?"

அது செத்திருக்கும். "வேற தொட்டிக்கு மாத்திட்டேன் அத்தை."

"அதானே பாத்தேன்." அவர் முகம் தளரும். "அவ சொன்னத நீங்க மீற மாட்டீங்க மாப்ள. எனக்குத் தெரியும்."

இப்படி ஒரு பொய்க்கு இன்னொன்று முட்டுக்கொடுத்தது. நான் எதையும் கழிக்கவில்லை. நர்சரிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். இல்லை என்றேன். குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பிரித்து வைக்க இடம் இல்லை. பிரிக்காததால் இன்னும் வந்தன. கடையில் டப்பா வாங்கினேன். வளைந்த முதுகோடு ஒன்று பிறந்து, சாகாமல் வளர்ந்தது. அத்தை அதற்குக் கூனன் என்று பேர் வைத்தார். வந்ததும் முதல் தீனி கூனனுக்குத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தி வருவதைப் பார்த்து, "என்னப் பெத்தவனே, மெதுவா, மெதுவா" என்பார்.

ஆபீஸில் நான் குழாய்களின் படம் வரைகிறவன். எங்கே வளைகிறது, எங்கே இணைகிறது என்று நாள் முழுக்கப் பார்ப்பது என் வேலை. வீட்டில் தினமும் அந்த மீன்களின் முன்னால் நின்றும், வால்கள் சுருங்கிக்கொண்டு வருவதை நான் பார்க்கவில்லை. அல்லது பார்க்காமல் இருந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஆபீஸ் விட்டு வந்ததும் பல்செட்டு வந்தார். அவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறவர், ஐம்பது வயது, அவரும் மீன் வளர்ப்பவர். என் மனைவி வைத்த பேர் அது. அவருக்கே பிடித்துப்போய், போனில் "பல்செட்டு பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"அவ போன அன்னிக்கு வந்ததோட சரி தம்பி. அப்புறம் வர்றதுக்கு முகம் இல்ல" என்றார் வாசலில் நின்று. "அவ எனக்குக் குடுத்த ஜோடி, அதோட குட்டிங்க, எல்லாம் போச்சு. மோட்டார் நின்னு, ஒரே ராத்திரியில. உன்கிட்ட அந்தப் பச்சையில ஒரு ஜோடி கேக்கலாம்னுதான் வந்தேன்."

உள்ளே வந்து விளக்கைப் போட்டார். முதல் தொட்டியைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். குளியலறை வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"என்ன தம்பி, தொட்டியா இது, பஸ் ஸ்டாண்டா?"

"கொஞ்சம் கூடிப்போச்சு."

"கொஞ்சமா? உன் வீட்டம்மா மட்டும் இதப் பாத்தா, மொதல்ல உன்னத் தூக்கித்தான் வாளியில போடுவா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். ரொம்ப நாள் திறக்காத குழாய் மாதிரி சத்தம் வந்தது.

அவர் ஜாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தேடினார். புள்ளி. கிழிந்த வால். பழுப்பு. மறுபடி புள்ளி. "கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கே" என்று முனகினார். கடைசியில் குழந்தை குளிக்கும் தொட்டியின் மூலையில், இன்னும் வளராத ஒரு கூட்டத்தில் கையை நிறுத்தினார். நான்கு ஆண்கள், இப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கியவை. மூன்று பெண்கள்.

"வா, இங்க பாரு."

பார்த்தேன். வாலில் ஒரு மங்கல் பச்சை. புள்ளி இல்லை. எத்தனையோ மாதமாக இந்த வீட்டில் அந்த நிறத்தை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏழு பேரு. இதுதான் அவளோடது. மத்தது எல்லாம் வெறும் மீனு" என்றார். "ஒரு வாரம் இருக்கு உனக்கு. ஆம்பளைங்க முத்தறதுக்குள்ள இந்த மூணு பொண்ணையும் நல்ல தொட்டியில பிரிச்சு வெக்கணும். ஒரு புள்ளி வால்காரன் தொட்டுட்டான்னா முடிஞ்சுது. அவன் செத்தாக்கூட ஆறு மாசத்துக்கு அவன் குட்டியையே போடும். அதோட இந்தப் பச்சை அவ்வளவுதான். உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"இன்னும் ரெண்டு தொட்டி வாங்கிடறேன்."

"எங்க வெப்ப? கட்டில்லயா?" குரலைத் தாழ்த்தினார். "வாங்கினாலும் என்ன ஆகும்? இந்த ஏழு, நாளைக்கு எம்பது ஆகும். அதுல எட்ட வெச்சுக்கிட்டு மீதிய விடத் தெரியணும். தெரியலன்னா ரெண்டு வருஷத்துல மறுபடியும் இதே பஸ் ஸ்டாண்டு. விடத் தெரியாதவனுக்கு இந்தத் தொழில் இல்ல தம்பி."

"அத்தை ஒத்துக்க மாட்டாங்க. அவ கடைசியா சொன்னது..."

"கேள்விப்பட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வாரா வாரம் வாளி வாளியா விட்டவ, அவ வாயில 'ஒண்ணக்கூட விட்டுடாத'ன்னு எப்படி வரும்?"

என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

"நோய் விழுந்து செத்துப்போச்சுன்னு சொல்லிடு" என்றார். "நடக்குறதுதானே."

மூன்று பெண் மீன்களையும் என் பெரிய சமையல் பாத்திரத்துக்கு மாற்றினார். ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோடி கேட்கவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். நோய் என்று சொல்வது சுலபம். அத்தை அழுவார். மகள் கடைசியாகக் கேட்ட ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். அது நான் கொடுத்த பாரம். அதன் மேல் இன்னொன்றை ஏற்ற முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். வாரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவர்தான்.

சனிக்கிழமை நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னேன்.

பத்தரைக்கே அத்தை வந்துவிட்டார். கூடத்தின் நடுவில் இரண்டு பெரிய டிரம்கள் இருந்தன. நான்கு தொட்டி மீன்களை அதற்குள் விட்டிருந்தேன். கையில் வலை.

"என்ன மாப்ள, தொட்டி கழுவறீங்களா?"

"இல்ல அத்தை. குடுக்கப் போறேன். நர்சரிக்காரர் வர்றார்."

"எத குடுக்கப் போறீங்க?"

"ஏழத் தவிர எல்லாத்தையும்."

பையைக் கீழே வைத்தார். டிரம்மை எட்டிப் பார்த்தார். பிறகு வந்து என் கையிலிருந்து வலையைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவ போனது போதாதா? அவ கேட்ட ஒண்ணு, ஒரே ஒண்ணு! அதையும் கொசுப்புழு திங்கத் தூக்கிக் குடுக்கறீங்களா? சலிச்சுப் போச்சா? சலிச்சா எங்கிட்ட சொல்லுங்க. என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். மெஷினுக்கு அடியில வெச்சாவது காப்பாத்துவேன்."

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

"எப்படிச் சொல்லல?"

"மீனப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நான்தான் சொன்னேன். நீங்க கேட்டீங்க. வாயில வந்தத சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

"பதினாலு மாசம்" என்றார்.

"ஆமா."

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்."

"ஆமா அத்தை."

"காலு வீங்கிக் கெடந்தப்பகூட வந்தேன். எதிர் வீட்டுக்காரி ஞாயித்துக்கிழமை துணி தெச்சுத் தான்னு கேட்டா, எம் பொண்ணோட மீனு காத்துட்டிருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்."

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டப்பா டப்பாவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கூனன் இருந்த டப்பாவில் கண் நின்றது.

"அவ இருந்திருந்தா இவன என்ன பண்ணியிருப்பா?"

"வெச்சிருக்க மாட்டா."

"கொன்னிருப்பாளா?"

"ஆமா."

அத்தை தலையை ஆட்டினார். "கல்நெஞ்சக்காரி" என்றார். "ஆறு வயசுல, விடிய விடிய ஒக்காந்து ஒரு கவுன் தெச்சேன். கை ஒரு பக்கம் கோணலா இருக்குன்னு போட மாட்டேன்னுட்டா. ஒரு இழை. ஒரே ஒரு இழை கோணல். கண்ணு அவ்வளவு கூர்மை." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே அப்பப்ப தோணும். ஒண்ணையும் விடாதன்னு இவளா சொன்னான்னு. சாகுற நேரத்துல மனசு எளகியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"எது அந்த ஏழு? காட்டுங்க."

பெண்கள் இருந்த பாத்திரத்தைக் காட்டினேன். ஆண்களை ஒவ்வொன்றாக ஜாடியில் விட்டு வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்தேன். அவர் மூன்று மூச்சில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் துணி வாங்குகிறவர் மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார்.

"இவன் வால் ஓரத்துல பிசிறு இருக்கு" என்றார் நான்காவதைக் காட்டி.

குனிந்து பார்த்தேன். இருந்தது. பல்செட்டுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"இருக்கட்டுமா அத்தை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். வலையை எடுத்து, அதை ஜாடியிலிருந்து அள்ளி, டிரம்மில் விட்டார். ஆறு மிஞ்சியது.

நர்சரிக்காரர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். எத்தனை இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். "இத்தனை நாள் இல்ல இல்லன்னீங்களே" என்றார். அத்தை, "இப்ப இருக்குல்ல, எடுத்துட்டுப் போங்க" என்றார். டிரம்களைத் தூக்கும்போது தண்ணீர் படியெல்லாம் சிந்தியது. என்னைக் கேட்காமலே கூனனை ஒரு ஊறுகாய் ஜாடியில் அள்ளி அத்தை தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது அவளோடது இல்ல. என்னோடது" என்றார். "இவன்கிட்ட யாரும் குட்டி கேக்கப் போறதில்ல."

மூன்று தொட்டி போதும். மற்ற குழாய்களைக் கழற்றினேன். பெரிய மோட்டாரை நிறுத்தி, சின்னதைப் போட்டேன். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அடுத்த வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அத்தை கிளம்பினார். அடுத்த வாரம் வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"அப்ப என்னதான் சொன்னா?"

"விடுங்க அத்தை."

"சின்னதோ பெருசோ, சொல்லுங்க. அவ சொன்னதா இருந்தா போதும்."

சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு அவளை பைக்கில்தான் கூட்டிப்போனேன். அவளே நடந்து உள்ளே வந்தாள். கட்டிலில் படுக்க வைத்து, ஸ்கேனுக்கு ஆள் வருவார்கள், இருங்கள் என்றார்கள். நான் பக்கத்தில் நின்று சட்டைப்பை, பேன்ட் பை என்று தடவிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடியபடியே ஒன்று சொன்னாள். நான் கீழே போனேன். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கினேன். திரும்பி வர பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். நான் பக்கத்தில் இல்லை. அதனால்தான் அன்றைக்கு உங்களிடம் வேறு ஏதோ சொன்னேன்.

"அவ என்ன சொன்னா?"

"'சாவிய வண்டியிலயே விட்டுட்டு வந்திருப்ப. போய்ப் பாத்துட்டு வா.'"